ஒபாமா காப்பீட்டுச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டது யார், பணம் கொடுப்பது யார்?

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட ஆதரிக்காத, அதிபர் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2010-ல் எப்படி நிறைவேறியது? அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2025-ல் அமெரிக்க அரசாங்கமே 43 நாள் முடங்கிக் கிடக்கும் அளவுக்கு அதில் சண்டை போட இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பதில் சொல்ல முடியாது. ஓட்டுக் கிடைப்பதற்காகப் பணக் கணக்கை வளைத்தார்கள். வளைத்த இடத்திலெல்லாம் பிறகு முறிந்தது. அந்த முறிவுகளைத்தான் நாம் கட்சிச் சண்டையாகச் செய்திகளில் பார்க்கிறோம். நான் சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் செய்து கொடுக்கும் தொழிலில் நெடுநாள் இருந்தவன். இந்தச் சட்டம் எனக்கு கிளெய்ம் படிவங்கள் வழியாகத்தான் அறிமுகம். அதனால் பதிலில் கணக்குப்பிள்ளை வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வேலை கொடுத்த நிறுவனமே காப்பீடு எடுத்துத் தருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு வைத்தது. ஆள் பிடிக்க வேறு வழியில்லாத நிறுவனங்கள் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தன. அந்தச் சலுகைக்கு வருமான வரி இல்லை என்பதால் அது அப்படியே வேரூன்றிவிட்டது. ஐ.டி. வேலைக்குப் போன நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த வகையில் அடக்கம். நியூ ஜெர்சியில் பல காலமாக இருக்கும் உறவினரைக் கேட்டாலும் இந்தச் சண்டை பற்றி அவருக்குச் சொல்ல அதிகம் இருக்காது என்பதற்குக் காரணம் இதுதான். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் மெடிக்கெய்டு. இவற்றில் எதிலும் சேராதவர்கள், அதாவது சொந்தக் கடை வைத்திருப்பவர், டாக்சி ஓட்டுபவர், 60 வயதில் வேலையை விட்டவர் போன்றோர், தாங்களே சந்தையில் காப்பீடு வாங்க வேண்டும். நீரிழிவோ புற்றுநோயோ ஏற்கெனவே இருந்தால் கம்பெனிகள் முகத்திலடித்தாற்போல் மறுத்துவிடும். 2009 வாக்கில் காப்பீடே இல்லாதவர்கள் நாலரைக் கோடிக்கும் மேல். இவர்கள் மானியத்தோடு காப்பீடு வாங்க அரசு ஏற்பாட்டில் ஒரு புதுச் சந்தை, இன்னும் அதிக ஏழைகளுக்கு மெடிக்கெய்டு, இவைதான் ஒபாமா சட்டத்தின் சாரம்.

மெடிகேரும் மெடிக்கெய்டும் 1965-ல் லிண்டன் ஜான்சன் காலத்தில் வந்தவை. அன்றும் எதிர்ப்பு இருந்தது. ரொனால்ட் ரீகன் நடிகராக இருந்தபோதே, 1961-ல், அமெரிக்க மருத்துவர் சங்கத்துக்காக இசைத்தட்டில் பேசி, இது சோஷலிசத்தில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். ஆனாலும் இறுதி ஓட்டெடுப்பில், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில், குடியரசுக் கட்சியினரில் 70 பேர் ஆதரித்தார்கள், 68 பேர் எதிர்த்தார்கள். மெடிகேர் மருத்துவமனைச் செலவுக்கான பணமும் ஒளிவுமறைவில்லாமல் வந்தது. சம்பளத்தில் பிடித்தம், அது சம்பளச் சீட்டிலேயே தெரியும்.

1993-94-ல் கிளிண்டன் கொண்டுவந்த பெரிய திட்டம் ஓட்டெடுப்புக்கே வராமல் செத்தது. அதை விடுங்கள். நம் கதைக்கு அதைவிட முக்கியமானது 2003. மெடிகேரில் மருந்துக்கான காப்பீட்டைச் சேர்த்தவர் ஜார்ஜ் புஷ். பிரதிநிதிகள் சபையில் ஓட்டுக் குறைந்ததால், வழக்கமாகக் கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய ஓட்டெடுப்பை ஏறத்தாழ மூன்று மணி நேரம் திறந்தே வைத்து, விடிகிற நேரத்தில் 220-க்கு 215 என்று ஜெயித்தார்கள். பத்தாண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி டாலர் செலவாகும் என்று மதிப்பிட்ட அந்தத் திட்டத்துக்குப் புது வரி ஒரு காசுகூடக் கிடையாது. அத்தனையும் கடன். ஆறு ஆண்டு கழித்து 'கஜானா திவாலாகிவிடும்' என்று பேசியவர்களில் பலர் அந்த இரவு ஆதரித்து ஓட்டுப் போட்டவர்கள் என்பதை நான் மறப்பதில்லை.

இப்போது 2009. மேலவையான செனட்டில் 100 பேர். ஃபிலிபஸ்டர் என்னும் முட்டுக்கட்டையைத் தாண்ட 60 ஓட்டு வேண்டும். ஏப்ரலில் பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் கட்சி மாறி வந்தார். நீண்ட மறு எண்ணிக்கை வழக்குக்குப் பிறகு ஜூலையில் மினசோட்டாவின் அல் ஃபிராங்கன் பதவியேற்றார். ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி அணிக்குச் சரியாக 60. ஆகஸ்ட் 25-ல் எட்வர்ட் கென்னடி இறந்தார். அவர் இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவர் நியமிக்கப்பட்டார். இந்தச் சில மாத இடைவெளிக்குள் காரியத்தை முடித்தாக வேண்டும்.

ஒபாமா தரப்பு குடியரசுக் கட்சியின் ஓட்டைத் தேடவே இல்லை என்பது சரியல்ல. நிதிக் குழுத் தலைவர் மேக்ஸ் பாக்கஸ் இரு கட்சியிலிருந்தும் மும்மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கோடை முழுவதும் பேசினார். கிடைத்தது ஒரே ஓட்டு. மெய்ன் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோ குழுவில் ஆதரித்தார், அவையில் அவரும் எதிர்த்தார். அந்தக் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் இதை முன்கூட்டியே திட்டமிட்டிருந்தார். இந்தத் திட்டங்களில் எங்கள் கைரேகை பதியாமல் பார்த்துக்கொள்ளக் கடுமையாக உழைத்தோம் என்று பின்னாளில் ஒரு பத்திரிகையிடம் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இரு கட்சியும் கைவைத்தால் அது நல்ல திட்டம் என்று மக்கள் நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அரசியலாக அது பலித்தது. 2010 நவம்பரில் அவர்கள் பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தார்கள்.

எல்லோரும் காப்பீடு வாங்கியே தீர வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்ற விதிதான் அதிகம் வசை வாங்கியது. அது முதலில் வலதுசாரிச் சிந்தனைக் கூடமான ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனிலிருந்து 1989-ல் வந்த யோசனை. 1993-ல் குடியரசுக் கட்சியின் ஜான் சேஃபி தம் மசோதாவில் அதை வைத்தார். 2006-ல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த மிட் ராம்னி அதைச் சட்டமாகவே ஆக்கினார். ஒபாமா கையில் எடுத்ததும் அது அடிமைச் சங்கிலியாகிவிட்டது.

அவர்கள் எதிர்ப்பு முழுவதும் நாடகம் என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசு இவ்வளவு பெரிய புதுச் செலவை ஏற்கக் கூடாது, தனிமனிதனை ஒரு பொருளை வாங்கச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தக் கூடாது, மெடிகேரில் மிச்சம் பிடிப்பதை மெடிகேருக்கே செலவிட வேண்டும் என்ற மூன்றும் நேர்மையான ஆட்சேபங்களே. மூன்றாவது ஆட்சேபத்தில் அவர்களே பிறகு என்ன செய்தார்கள் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எதிர்க்கட்சி ஒட்டுமொத்தமாக விலகியதால் ஆளும் தரப்பில் ஒவ்வொரு செனட்டரும் குட்டி ராஜாவானார். அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டம் ஒன்றும் சந்தையில் இருக்கட்டும் என்றார்கள் இடதுசாரிகள். சுயேச்சையான ஜோ லீபர்மன் ஒரே ஆளாக அதைக் கொன்றார். 55 வயதிலேயே மெடிகேரை விலைக்கு வாங்கலாம் என்ற மாற்றையும் கொன்றார். நெப்ராஸ்காவின் பென் நெல்சன் தம் மாநிலத்தின் மெடிக்கெய்டு விரிவாக்கச் செலவை மத்திய அரசே காலமெல்லாம் ஏற்க வேண்டும் என்று பேரம் பேசினார். ஊரே காறித் துப்பியதால் அது பின்னர் நீக்கப்பட்டது. 2009 டிசம்பர் 24 காலையில் 60-க்கு 39 என்று செனட் நிறைவேற்றியது.

ஜனவரி 19-ல் இடி விழுந்தது. கென்னடியின் இடத்துக்கு மாசசூசெட்ஸில் நடந்த இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் ஜெயித்துவிட்டார். 60 என்பது 59 ஆனது. இனி மசோதாவை ஒரு சொல் மாற்றினாலும் செனட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், போனால் அங்கேயே புதைந்துவிடும். ஆகவே செனட்டின் வரைவைப் பிழைகளோடு அப்படியே பிரதிநிதிகள் சபை ஏற்பது, பணம் தொடர்பான திருத்தங்களை மட்டும் தனி மசோதாவாக்கி, 51 ஓட்டே போதுமான ரீகன்சிலியேஷன் என்ற பட்ஜெட் நடைமுறையில் நிறைவேற்றுவது என்று சபாநாயகர் நான்சி பெலோசி வழி கண்டார். 2010 மார்ச் 21 இரவு 219-க்கு 212. ஜனநாயகக் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்தார்கள். 23-ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்டார்.

திருத்த வாய்ப்பில்லாமல் போன அந்த வரைவில், மானியம் 'மாநிலம் அமைத்த' சந்தையில் வாங்குபவர்களுக்கு என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. அப்படியானால் மத்திய அரசு நடத்தும் சந்தையில் வாங்கியவர்களுக்கு மானியம் கிடையாது என்று வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2015-ல் 6-க்கு 3 என்று சட்டம் தப்பியது. வழக்கமான முறையில் இரு அவைகளின் குழு உட்கார்ந்து வரைவைச் சரிபார்த்திருந்தால் ஒரு குமாஸ்தா அடித்துத் திருத்தியிருக்கக்கூடிய வரி அது.

இனி என் பேட்டைக்கு வருகிறேன். பணம்.

2009 செப்டம்பரில் காங்கிரஸ் கூட்டத்தில் ஒபாமா இரண்டு வாக்குறுதி கொடுத்தார். செலவு பத்தாண்டுக்கு 90,000 கோடி டாலர் அளவில் இருக்கும், பற்றாக்குறையில் ஒரு காசுகூடச் சேராது. இந்த இரண்டும்தான் சட்டத்தின் உடலையே செதுக்கின. தீர்ப்புச் சொல்வது காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம். கட்சி சார்பற்ற பொருளாதார வல்லுநர்கள் அடங்கிய அந்த அலுவலகம் எந்த மசோதாவுக்கும் பத்தாண்டுக் கணக்குப் போடும். சட்டத்தை எழுதியவர்கள் அந்தப் பத்தாண்டுச் சட்டகத்துக்குள் பொருந்தும்படி எல்லாவற்றையும் வெட்டினார்கள். வரிகளும் வெட்டுகளும் முன்னதாகத் தொடங்கும், மானியங்கள் 2014-ல்தான் தொடங்கும். பத்தாண்டு வரவுக்கு ஆறாண்டுச் செலவு. இறுதிக் கணக்கில் காப்பீட்டு விரிவாக்கச் செலவு 93,800 கோடி டாலர், பற்றாக்குறையில் குறைவு 14,300 கோடி டாலர் என்று வந்தது.

2010 பிப்ரவரி 25-ல் பிளேர் ஹவுஸில் ஒபாமா இரு கட்சித் தலைவர்களையும் அழைத்து ஏழு மணி நேரம் தொலைக்காட்சி நேரலையில் விவாதித்தார். அங்கே விஸ்கான்சினின் பால் ரயன் இந்தக் கணக்கைப் பிரித்து மேய்ந்தார். முதியோர் பராமரிப்புக்காக 'கிளாஸ்' என்ற புதுக் காப்பீட்டைச் சேர்த்திருந்தார்கள். அதில் முதல் சில ஆண்டுகள் சந்தா மட்டும் வரும், பட்டுவாடா பிறகுதான். அந்தச் சந்தாவை, ஏறத்தாழ 7,000 கோடி டாலரை, மிச்சமாகக் காட்டியிருந்தார்கள். மெடிகேர் மருத்துவர்களுக்கான கட்டணத்தை வெட்டாமல் இருக்க 20,000 கோடிக்கு மேல் தேவைப்படும். அதைத் தனி மசோதாவுக்குத் தள்ளியிருந்தார்கள். ரயன் சொன்னதில் பெரும்பகுதி சரி. கிளாஸ் திட்டத்தை நடத்த முடியாது என்று ஒபாமா அரசே 2011-ல் கைவிட்டது, 2013 தொடக்கத்தில் காங்கிரஸ் அதை ரத்துச் செய்தது.

ஆனால் உண்மையான வரவுகளும் இருந்தன. ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல், தம்பதியானால் இரண்டரை லட்சத்துக்கு மேல், சம்பாதிப்பவர்களின் சம்பளத்தில் கூடுதலாக 0.9 சதவீதம். முதலீட்டு வருமானத்தில் 3.8 சதவீதம். மருத்துவக் கருவிகளுக்கு 2.3 சதவீத வரி. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு ஆண்டுக் கட்டணம். மருந்து கம்பெனிகள் 8,000 கோடி டாலர் விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. பதிலுக்கு, மெடிகேர் அவர்களோடு விலை பேரம் பேசாது என்று வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது. அந்த பேரம் பேசும் உரிமை 2022-ல்தான் சட்டமானது. மருத்துவமனைகள் விட்டுக்கொடுத்தது 15,500 கோடி. எதிர்க்கட்சி வராத இடத்தில் தொழில்துறையையாவது அமைதியாக உட்கார வைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மெடிகேர், மருத்துவமனைகளுக்கும், 'மெடிகேர் அட்வான்டேஜ்' என்ற மாற்றுத் திட்டங்களை நடத்தும் தனியார் கம்பெனிகளுக்கும் கொடுக்கும் தொகையின் வளர்ச்சியைக் குறைத்தார்கள்.

இந்தக் கடைசி வெட்டைத்தான் குடியரசுக் கட்சி 2010 தேர்தலில் 'பாட்டி தாத்தா பணத்தில் கைவைத்துவிட்டார்கள்' என்று விளம்பரம் செய்தது. 2012-ல் அந்தக் கட்சியின் அதிபர், துணை அதிபர் வேட்பாளர்களான ராம்னியும் ரயனும் 71,600 கோடி டாலர் என்று எண்ணைச் சொல்லியே திட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், ரயன் பட்ஜெட் குழுத் தலைவராகத் தயாரித்த வரைவுகளில் சட்டத்தை ரத்துச் செய்வதாக எழுதிவிட்டு, அதே மெடிகேர் மிச்சத்தை மட்டும் பத்திரமாகத் தம் கணக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

சட்டத்தின் வரவுப் பக்கத்தைத் தகர்த்தது குடியரசுக் கட்சி என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. பொருளாதார அறிஞர்கள் மிகவும் மெச்சிய ஏற்பாடு 'காடிலாக் வரி'. நிறுவனங்கள் தரும் மிகை விலைக் காப்பீட்டுக்கு, ஒரு வரம்புக்கு மேல் 40 சதவீத வரி. மருத்துவச் செலவு ஊதிப்போவதற்கு வரிவிலக்கு பெற்ற அந்தக் காப்பீடே ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். 2018-ல் தொடங்க வேண்டிய அந்த வரியைத் தொழிற்சங்கங்களும் வெறுத்தன, முதலாளிகளும் வெறுத்தார்கள். இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபை அதை ரத்துச் செய்ய ஓட்டெடுத்தபோது எண்ணிக்கை 419-க்கு 6. மசோதாவைக் கொண்டுவந்தவர் ஜனநாயகக் கட்சிக்காரர். அந்த டிசம்பரில் காடிலாக் வரி, கருவி வரி, காப்பீட்டுக் கம்பெனிக் கட்டணம் மூன்றும் ஒரே கையெழுத்தில் போயின. பத்தாண்டுக்கு ஏறத்தாழ 37,300 கோடி டாலர் வரவு இழப்பு. அதை ஈடுசெய்ய எதுவும் வைக்கவில்லை. தொலைக்காட்சியில் இரண்டு கட்சியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், பில்லைக் கிழித்துப் போடுவதில் மட்டும் பழுதில்லாத ஒற்றுமை. என் கருத்தில் இந்தச் சட்டத்தின் வரலாற்றில் வேறெந்த எண்ணையும் விட அந்த 419 அதிகம் சொல்கிறது.

கட்சி பிரிந்து நின்ற இடங்களில் நடந்தது வேறு மாதிரி. சட்டத்தை ரத்துச் செய்ய முடியவில்லை என்றதும் பண வரத்தை அடைப்பது குடியரசுக் கட்சியின் உத்தியானது. இரண்டு சம்பவங்களை மட்டும் சொல்கிறேன். தொழிலில் இருந்தவர்கள் மறக்க முடியாதவை இவை.

புதுச் சந்தையில் யார் எவ்வளவு நோயோடு வருவார்கள் என்று தெரியாததால், முதல் மூன்று ஆண்டு நஷ்டத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கும் என்று கம்பெனிகளுக்குச் சட்டம் வாக்குக் கொடுத்திருந்தது. 2014 இறுதியில் செலவு மசோதாவில் ஒரு வரியைச் செருகி, அதற்கு அரசுப் பணத்தை எடுக்கக் கூடாது என்று தடுத்தார்கள். முதலாண்டில் கம்பெனிகளுக்கு வர வேண்டியதில் எட்டில் ஒரு பங்குதான் வந்தது. சட்டத்தின் கீழ் தொடங்கிய கூட்டுறவுக் காப்பீட்டுச் சங்கங்கள் பல இழுத்து மூடப்பட்டன. 2020-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று, கொடுத்த வாக்குக்குப் பணம் கொடு என்றது. 1,200 கோடி டாலர். ஆக, அரசு மிச்சம் பிடிக்கவும் இல்லை, சங்கங்கள் பிழைக்கவும் இல்லை.

இரண்டாவது இன்னும் விநோதம். குறைந்த வருமானக்காரர் 'சில்வர்' ரகக் காப்பீடு வாங்கினால், அவர் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைக் கம்பெனி குறைத்துக்கொள்ள வேண்டும், அந்த வித்தியாசத்தை அரசு கம்பெனிக்குத் தரும். இதற்குக் காங்கிரஸ் நிதி ஒதுக்கவே இல்லை என்று பிரதிநிதிகள் சபை வழக்குப் போட்டது. 2017 அக்டோபரில் டிரம்ப் அந்தப் பட்டுவாடாவை நிறுத்தினார். சந்தை குலைந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். காப்பீட்டு ஆணையர்களும் கம்பெனிகளும் சேர்ந்து என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நஷ்டம் முழுவதையும் சில்வர் ரகத்தின் பிரீமியத்தில் ஏற்றிவிட்டார்கள். மானியத்தின் அளவோ அதே சில்வர் பிரீமியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். பிரீமியம் ஏறியதும் மானியமும் தானாக ஏறியது. சில்வரை விட மலிவான 'வெண்கல' (bronze) ரகம் பலருக்கு இலவசமாகவே கிடைத்தது. இந்தப் பட்டுவாடாவை நிறுத்தினால் பத்தாண்டில் பற்றாக்குறை 19,400 கோடி டாலர் கூடும் என்று பட்ஜெட் அலுவலகம் அந்த ஆகஸ்டிலேயே எழுதி வைத்திருந்தது. யாரும் படிக்கவில்லை போலும்.

மெடிக்கெய்டு கதை மாநிலங்களில் நடந்தது. வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லோருக்கும் மெடிக்கெய்டு என்று சட்டம் சொன்னது. செலவை முதல் மூன்று ஆண்டு மத்திய அரசு முழுதாக ஏற்கும், 2020 முதல் 90 சதவீதம் ஏற்கும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கட்டாய அபராதத்தை 'வரி' என்று சொல்லிக் காப்பாற்றியது. ஆனால் மெடிக்கெய்டு விரிவாக்கத்துக்கு மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. டெக்சாஸ், ஃபுளோரிடா உள்ளிட்ட பத்து மாநிலங்கள் ஏற்காமலே நிற்கின்றன. இன்று 90 தருபவன் நாளை 50 தருவான், பாக்கியை யார் கட்டுவது என்பது அந்த ஆளுநர்களின் வாதம். அந்த அச்சம் அர்த்தமற்றதல்ல. ஆனால் விளைவு கொடூரம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குச் சந்தை மானியமும் கிடையாது, ஏனென்றால் அவருக்கு மெடிக்கெய்டு இருக்கும் என்று நினைத்து எழுதிய சட்டம் அது. சற்று அதிகம் சம்பாதிப்பவருக்கு உதவி உண்டு, பரம ஏழைக்கு எதுவும் இல்லை. மெய்ன், ஐடஹோ, ஒக்லஹோமா, மிசூரி போன்ற இடங்களில் மக்களே பொது வாக்கெடுப்பில் விரிவாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இவற்றில் பலவும் குடியரசுக் கட்சியின் கோட்டைகள்.

2017-ல் வெள்ளை மாளிகையும் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தபோதும் ரத்து முயற்சி தோற்றது. ஜூலை 28 அதிகாலையில் செனட்டில் அதே கட்சியின் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டினார், 49-க்கு 51. சூசன் காலின்ஸும் லீசா மர்கோவ்ஸ்கியும் அவரோடு நின்றார்கள். அந்த டிசம்பரில் வரிச் சட்டத்தில் அபராதத்தை மட்டும் பூஜ்யமாக்கினார்கள். அபராதம் போனால் சந்தை சரியும் என்று இரு தரப்பு நிபுணர்களும் சொன்னார்கள். சரியவில்லை. ஆட்களை உள்ளே வைத்திருந்தது பயத்தை விட மானியம்தான் என்று அப்போது தெரிந்தது.

2025-க்கு வருகிறேன். 2010-ல் 90,000 கோடி என்ற வரம்புக்குள் அடங்க வேண்டியிருந்ததால் மானியத்துக்கு ஒரு செங்குத்தான எல்லை வைத்தார்கள். வறுமைக் கோட்டின் 400 சதவீதத்துக்கு மேல் ஒரு டாலர் சம்பாதித்தாலும் மானியம் முழுவதும் போகும். 2021 மார்ச்சில் பைடன் கொண்டுவந்த கொரோனா நிவாரணச் சட்டம் இந்த எல்லையை அகற்றியது. மானியக் கணக்குக்கு அளவுகோலாக இருக்கும் சில்வர் திட்டத்துக்கு யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியதில்லை என்றது. ஆனால் இரண்டே ஆண்டுக்கு. 2022-ல் இன்னும் மூன்று ஆண்டு நீட்டித்தார்கள். ஏன் நிரந்தரமாக்கவில்லை? ரீகன்சிலியேஷன் வழியில் 51 ஓட்டுப் போதும், ஆனால் பத்தாண்டுக்குப் பிறகு பற்றாக்குறையைக் கூட்டும் எதையும் அதில் வைக்க முடியாது. பத்தாண்டுக்குள்ளும், மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மன்ச்சின் ஒப்புக்கொள்ளும் அளவுக்குக் கூட்டுத்தொகை சிறிதாக இருக்க வேண்டும். காலாவதித் தேதி வைத்தால் செலவு சிறிதாகத் தெரியும். 2017, 2021, 2022, 2025 என்று நான்கு பெரிய பணச் சட்டங்களும் இந்த வழியில்தான் வந்தன. நான்கிலும் எதிர்க்கட்சியின் ஓட்டு பூஜ்யம்.

மானியம் கூடியதால் சந்தையில் சேர்ந்தோர் ஏறத்தாழ இரட்டிப்பாகி, 2025-ல் 2 கோடியே 40 லட்சமானார்கள். நிரந்தரமாக்கப் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 35,000 கோடி டாலர் ஆகும். கொரோனா காலத்து உதவி கொரோனாவோடு முடியட்டும், காப்பீட்டுக் கம்பெனிகளுக்குத்தான் இந்தப் பணம் போகிறது, ஏஜெண்டுகள் போலிப் பெயர்களைச் சேர்க்கிறார்கள் என்றது குடியரசுக் கட்சி. மூன்றாவது புகாரில் உண்மை இருக்கிறது. முதலாவதுக்குப் பதில், எழுதியவர்களே தேதி போட்டுத்தானே எழுதினார்கள் என்பதுதான். தங்கள் கையாலேயே வைத்த வெடியை எதிராளி அணைக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி எதிர்பார்த்தது. நீட்டிப்பு இல்லாமல் அரசின் செலவு மசோதாவுக்கு ஓட்டுத் தர அது மறுத்ததால் அக்டோபர் 1-ல் அரசு முடங்கியது. நவம்பர் 12-ல், அவர்கள் அணியைச் சேர்ந்த எட்டு செனட்டர்கள் பிரிந்து வந்ததால் திறந்தது. கிடைத்தது, டிசம்பரில் ஓட்டெடுப்பு நடத்துகிறோம் என்ற வாக்கு மட்டும். ஓட்டெடுப்பு நடந்தது, 60 கிடைக்கவில்லை. டிசம்பர் 31-ல் கூடுதல் மானியம் முடிந்தது. மானியம் பெறுபவர்கள் ஆண்டுக்குக் கட்டும் பிரீமியம் சராசரியாக 888 டாலரிலிருந்து 1,904 டாலராகும் என்பது கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு.

அதே ஆண்டு ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டம் மெடிக்கெய்டில் கைவைத்தது. 2027 முதல், விரிவாக்கத்தில் வந்த பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ காட்ட வேண்டும். மாநிலங்கள் மருத்துவமனைகளிடம் வரி வாங்கி, அதையே தங்கள் பங்காகக் காட்டி மத்தியப் பணத்தை இழுக்கும் பழைய வித்தைக்கும் வரம்பு வைத்தார்கள். இந்த வரம்பு தேவைதான் என்று நினைப்பவன் நான், ஆனால் மிச்சமான பணம் வரிச்சலுகைக்குப் போயிற்று. இந்தச் சட்டத்தால் 2034-ல் காப்பீடு இல்லாதவர்கள் ஏறத்தாழ ஒரு கோடி கூடுவார்கள் என்கிறது பட்ஜெட் அலுவலகம். பெற்றோருக்கு கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடியேறி ஐந்தாண்டு ஆகாததால் மெடிக்கெய்டு கிடைக்காமல், வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானம் இருப்பவர்களுக்கு இதுவரை கிடைத்துவந்த சந்தை மானியம் 2026 ஜனவரி முதல் நின்றுவிட்டது.

சண்டை கட்சிக் கோட்டிலேயே நிற்குமா என்பது கடைசியாக எழும் கேள்வி. 2026-ல் தனி ஆளுக்கு அந்தச் செங்குத்து எல்லை 62,600 டாலர். அதன் விளிம்பில் நிற்பவர்கள் சிறு வியாபாரிகள், விவசாயிகள், 65-ஐ எட்டாத ஓய்வாளர்கள். சந்தையில் மிக அதிகம் பேர் சேர்ந்திருக்கும் மாநிலம் ஃபுளோரிடா. ஜார்ஜியாவின் மார்ஜரி டெய்லர் கிரீன் டிரம்பின் தீவிர ஆதரவாளராக இருந்தவர். தம் வளர்ந்த பிள்ளைகளின் பிரீமியமே இரட்டிப்பாகப் போகிறது என்று முடக்கத்தின் நடுவே அவர் பகிரங்கமாகச் சொன்னார். டிசம்பர் 17-ல், சபாநாயகர் மைக் ஜான்சன் ஓட்டெடுப்புக்கு விட மறுத்த மூன்றாண்டு நீட்டிப்பை அவையில் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரும் மனுவில் அவர் கட்சியைச் சேர்ந்த நான்கு பேர் கையெழுத்திட்டு, தேவையான 218-ஐ எட்ட வைத்தார்கள். மூவர் பென்சில்வேனியா, ஒருவர் நியூயார்க். 2026 நவம்பரில் தேர்தலைச் சந்திக்க வேண்டிய, ஓட்டு இழுபறியான தொகுதிக்காரர்கள்.